தப்பு என் கத்தரிக்கோலில் இல்லை

2022 தைப்பொங்கலுக்கு எனக்கென்று ஒரு சாறிச் சட்டை தைத்தேன். முப்பது வருடமாகத் தையல்தான் என் தொழில். ஊரில் பாதிப் பேருடைய கை அளவு எனக்கு மனப்பாடம், என்னுடையதைக் கேட்கவா வேண்டும்? போட்டுப் பார்த்தால் இடது கை அளவாக இருக்கிறது, வலது கை முழங்கைக்கு மேலே ஏறமாட்டேன் என்கிறது. வெட்டும்போது துணி நகர்ந்திருக்கும் என்று நினைத்து, தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தேன். பங்குனியில் அதே சட்டைக்கு இன்னும் கால் அங்குலம் விட்டேன். இரண்டு தடவையும் என் கத்தரிக்கோலைத்தான் திட்டினேன். கையை டேப்பால் அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவர் கையை அளந்தே சீவித்தவளுக்கு இப்படி ஒரு குருட்டுத்தனம்.

2020 கடைசியில் எனக்கு வலது மார்பில் புற்றுநோய் என்று கண்டு ஒப்பரேஷன் செய்தார்கள். கமக்கட்டுக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களில் 14 ஐ எடுத்தார்கள். பிறகு கீமோ, அதற்குப் பிறகு கதிர்ச் சிகிச்சை. 2021 நடுப்பகுதியில் எல்லாம் முடிந்து திருகோணமலைக்குத் திரும்பி வந்தபோது, இனிக் கிளினிக் திகதிக்குப் போய்வந்தால் போதும் என்றுதான் இருந்தேன். நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம், அதாவது நிணநீர் வீக்கம் வரலாம் என்று யாரும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். சொல்லியிருக்கலாம். தலைமுடி கொட்டுமா, உயிர் தப்புமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்குக் கையைப் பற்றிச் சொன்னால் காதில் ஏறுமா? அதனால்தான் இப்போது, மனம் ஆறியிருக்கிற நேரத்தில், எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. என் கைக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இந்த நிணநீர் என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது அப்பாவின் வாய்க்காலால். நாங்கள் தம்பலகாமத்துக்காரர், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்கள். இரத்தக் குழாய்களில் இருந்து தசைகளுக்குள் கசிகிற நீரில் ஒரு பகுதி திரும்பவும் இரத்தக் குழாய்க்குள் போகாமல் மிஞ்சிவிடுகிறது. அந்த மிச்சத்தை, அதோடு சேர்ந்த புரதத்தையும் கழிவையும், வடித்துக்கொண்டு போகிற சின்னச் சின்ன வாய்க்கால்கள்தான் நிணநீர்க் குழாய்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லீற்றர் இப்படி ஓடிக் கழுத்தடியில் இரத்தத்தோடு சேர்கிறது. வழியில் மதகு மாதிரி, வடிகட்டி மாதிரி 500 க்கும் மேற்பட்ட கணுக்கள் இருக்கின்றன. இரத்தத்தைத் தள்ளுவதற்கு இருதயம் இருக்கிறது, இதற்கு அப்படி ஒரு பம்பி இல்லை. குழாய்கள் தாமாகவே மெல்லச் சுருங்கி விரியும். மற்றபடி நாம் கையைக் காலை ஆட்டுவதும் ஆழமாக மூச்சு விடுவதும்தான் அதைத் தள்ளுகிறது. என் கமக்கட்டு மதகில் 14 ஐ எடுத்தாயிற்று, கதிர் பட்டு மிச்சமும் தழும்பாகிவிட்டது. அப்போ தண்ணீர் எங்கே போகும்? வயலுக்குள்தான் நிற்கும்.

வீக்கம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வந்தது பாரம். பின்னேரம் ஆனால் கை ஈரத்துணி மாதிரிக் கனக்கும், காலையில் எழும்பினால் ஒன்றும் இருக்காது. மோதிரம் இறுகும். மணிக்கட்டுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். காலையில் வற்றிவிடுகிற இந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். விட்டுவிட்டால் தோலுக்கு அடியில் தடித்துக் கல்லுப் போல ஆகும். நான் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்த மூன்று மாதமும் அந்த நல்ல கட்டம்தான். பிறகு செலவழித்த காசை விட எனக்கு அந்த மூன்று மாதம்தான் இன்றைக்கும் நோகிறது.

சித்திரையில் ஊருக்கே தெரிகிற மாதிரி வீங்கிவிட்டது. மாமி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இது யானைக்கால் நோய், கையில் வந்திருக்கு பிள்ளை” என்றார். நுளம்பு கடித்து வருகிற அந்த நோயும் நிணநீர்க் குழாயை அடைக்கிற நோய்தான், அதனால் மாமியை முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆனால் இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களில் இருந்த வியாதி. அதையும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மாமியின் வாய் வழியாகக் கதை பரவி, துணி கொடுத்திருந்த இரண்டு பேர் வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி பையை என் கையிலிருந்து வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னாள். அன்றைக்கு இரவு அழுத மாதிரி, புற்றுநோய் என்று சொன்ன அன்றும் நான் அழவில்லை.

வெட்கத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் நானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பாமசியில் கையைக் காட்டியபோது நீர் போகிற குளிசை கொடுத்தார்கள். பத்து நாள் போட்டேன். இரவெல்லாம் எழும்பி எழும்பிப் போனதும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதும், ஒரு நாள் தலை சுற்றி மெஷினில் சாய்ந்ததும்தான் மிச்சம். கை அப்படியே இருந்தது. இந்த வீக்கத்தில் இருப்பது வெறும் நீர் இல்லை, புரதம் கலந்த நீர். குளிசை நீரை இழுத்தாலும் புரதம் அங்கேயே கிடந்து மறுபடி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதயம், சிறுநீரகத்துக்கென்று உங்களுக்கு டொக்டர் எழுதிய குளிசை வேறு கதை, அதை நிறுத்திவிடாதீர்கள். பிறகு சாதாரண இழுபடுகிற கிரேப் பான்டேஜ் வாங்கி முழங்கையில் இறுக்கிச் சுற்றினேன். அடுத்த நாள் புறங்கை பணிஸ் மாதிரி ஊதியிருந்தது. வாய்க்காலின் நடுவில் அணை கட்டினால் வேறு என்ன நடக்கும்?

அதற்குப் பிறகுதான் எண்ணெய். கை தேய்த்து நரம்பு எடுக்கிற ஒருவரிடம் 21 நாள், நாளுக்கு 1,000 ரூபாய். நல்ல மனிதர், நோவு எடுப்பதில் கெட்டிக்காரர், ஆனால் இது நோவு இல்லையே. அமுக்கி அமுக்கித் தேய்த்ததில் கை சிவந்து இன்னும் தடித்தது. சூடு கொடுத்தால் கரையும் என்று அவரும் அக்காவும் சொன்னதை நம்பி ஐந்து ஞாயிற்றுக்கிழமை கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனேன். ஏழு கிணற்றில் எது சூடு கூடியது என்று தேடி, அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கையில் ஊற்றினேன். அப்பா இறந்த பிறகு அவருடைய அந்தியேட்டிக் கிரியைக்குப் போன இடம் அது. இந்தத் தடவை என் கைக்கு அந்தியேட்டி செய்யப் போனேன் என்று இப்போது பகிடி பண்ணலாம். சூடு பட்டால் இரத்தக் குழாய் விரிந்து கசிகிற நீர் கூடும், வடிகிற வழியோ அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் கை ஊதியது ஏன் என்று எனக்குப் புரிய ஐந்து ஞாயிறு வேண்டியிருந்தது. கன்னியா மேல் ஒரு குறையும் இல்லை, கால் வலிக்கும் உடம்பு அலுப்புக்கும் போய்க் குளிக்கலாம். நிணநீர் தேங்கிய கைக்கு மட்டும் சூட்டு ஒத்தடம், கொதிநீர், நீராவி எதுவும் வேண்டாம்.

கனடாவில் இருக்கும் மச்சாள் இறுக்கமான கைச்சட்டை ஒன்றை, அதைத்தான் கொம்பிரஷன் ஸ்லீவ் என்கிறார்கள், எனக்கு நடுத்தர அளவாக இருக்கும் என்று நினைத்து அனுப்பினாள். அங்கத்தைய விலையை நம் காசில் கணக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். போட்டால் அது மேலே சுருண்டு கயிறு மாதிரிக் கையை வெட்டியது. சும்மா இருப்பேனா, தையல்காரி அல்லவா? இழுபடுகிற துணி வாங்கி நானே ஒன்று தைத்தேன். பார்வைக்கு அருமையாக இருந்தது, வேலைக்கு உதவவில்லை. அந்த உறையில் மணிக்கட்டில் அழுத்தம் கூடியும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தைப் பாதரச மில்லிமீற்றரில் கணக்கிட்டுத்தான் நெய்கிறார்கள். என் ஊசிக்கு அது பிடிபடாத வித்தை. ஆகவே, பயிற்சி பெற்ற ஒருவர் கையை ஆறேழு இடத்தில் அளந்து சொல்லாமல் ஸ்லீவ் வாங்காதீர்கள். வீக்கம் உச்சத்தில் இருக்கும்போதும் வாங்காதீர்கள், வற்றியதும் அது தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளங்கையும் விரலும் வீங்குகிறவர்களுக்குக் கையுறையும் சேர்த்து வேண்டும்.

2022 ஆடி மாதம் எப்படி இருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பாமசியில் பாதி மருந்து இல்லை. விறகு அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மீன் வெட்டும்போது வலது சுட்டுவிரலில் முள் குத்தியது. கடலோரத்துக் குசினியில் அது ஒரு விசயமா? விரலைச் சூப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுத்த நாள் மத்தியானம் குளிர் நடுக்கம் தொடங்கியது. பின்னேரத்துக்குள் முழங்கை வரை சிவந்து, தொட்டால் அடுப்புக்கல் போலச் சுட்டது. டெங்கு என்று நினைத்துப் பனடோல் போட்டுப் படுத்தேன். மகள்தான் ஓட்டோவுக்கு அலைந்து, பெற்றோல் இருக்கிற ஒரு அண்ணாவைக் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். செலுலைட்டிஸ் என்றார்கள், தோலுக்கு அடியில் கிருமி பரவுவது. ஒன்பது நாள் வார்டில், ஊசி வழியாக அன்டிபயோட்டிக். இன்னும் ஒரு இரவு பொறுத்திருந்தால் இரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் டொக்டர்.

இதை மட்டும் நெஞ்சில் எழுதி வையுங்கள். நிணநீர்க் கணு எடுத்த கையில், வீக்கம் உள்ள காலில், கிருமியை எதிர்க்கிற காவல் குறைவு. சின்னக் கீறலையும் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்து பூசி, மூடுங்கள். திடீரென்று சிவப்பு, சூடு, காய்ச்சல், நடுக்கம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே வேண்டாம், அன்றைக்கே போங்கள். போகமுதல் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று டொக்டருக்கு அது ஒரே பார்வையில் சொல்லும். என் மகள் தையல் சோக்கால் கோடு போட்டாள், அது வியர்வையில் அழிந்துபோனது. இன்னொன்று: புதிதாக வீக்கம் வந்தால், அதுவும் சடுதியாக நோவோடு வந்தால், இது நிணநீர் வீக்கம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நாளத்தில் இரத்தக் கட்டியாகவோ புற்றுநோய் திரும்பி வந்ததாகவோ இருக்கலாம். அதை முதலில் பார்த்து விலக்க வேண்டும்.

கெட்டதிலும் ஒரு நல்லது. காய்ச்சல் அடங்கியதும் வார்டில் இருந்தே என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்னப் பிள்ளை, என் மகளை விட வயது குறைவு. நான் மிஸ் என்பேன், அவள் என்னை அம்மா என்பாள். டேப்பை எடுத்து இரண்டு கையையும் அளந்தாள். இடது மேல்கை 11¼ அங்குலம், வலது 12½. அளக்கும்போது எனக்கு வந்த வெட்கம்! அந்த டேப் என் கழுத்தில் முப்பது வருடமாகத் தொங்குகிறது. கிருமி முழுதாக அடங்கிய பிறகு மூன்று வாரம், அதிகம் இழுபடாத விசேச பான்டேஜை விரலில் இருந்து கமக்கட்டு வரை பல அடுக்காகச் சுற்றினாள். கிரேப் பான்டேஜ் சும்மா கிடக்கும்போதும் இறுக்கும், தசை அசையும்போது விட்டுக்கொடுத்துவிடும். இது நேர்மாறு. கையை அசைக்கும்போது பிடித்து நின்று நீரைத் தள்ளும். விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே கழற்ற வேண்டும் என்பது முதல் பாடம்.

தடவுவதையும் அவள்தான் கற்றுத் தந்தாள். முதல் நாள் நான் தடவியதைப் பார்த்து, “அம்மா, நீங்கள் ரொட்டிக்கு மா குழைக்கவில்லை” என்று சிரித்தாள். தோலை மட்டும் மெல்ல இழுத்து விட வேண்டும், ஜோர்ஜெட் துணியில் சுருக்கத்தைக் கையால் நீவுகிற மாதிரி. அதையும் கையில் தொடங்கக் கூடாது. முதலில் கழுத்தடி, பிறகு நல்ல பக்கத்துக் கமக்கட்டு, நெஞ்சு, பிறகு தோள், அதன் பிறகுதான் கை, அதுவும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பகுதியாக, தடவுகிற திசை எப்போதும் தோளை நோக்கி. ஏன் என்று கேட்க வாய் எடுக்கமுதல் எனக்கு விளங்கிவிட்டது. மாரிக்கு முன் அப்பா வாய்க்கால் துப்புரவாக்கும்போது கடைவாயில் இருந்துதான் தொடங்குவார். தண்ணீர் போய்ச் சேருகிற இடம் திறக்காமல் மேலே வெட்டினால் வெள்ளம் உன் காலடியில்தான் நிற்கும் என்பார்.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. எழும்பியதும் படுக்கையிலேயே வயிறு ஏறி இறங்க ஐந்து நிமிடம் மெல்ல மூச்சு. நெஞ்சுக்குள் ஓடுகிற பெரிய நிணநீர்க் குழாயை இழுத்துக் கொடுப்பது இந்த மூச்சுத்தான். பிறகு பத்து நிமிடம் தடவல். பிறகு ஸ்லீவ். வெறும் தோலில், எண்ணெய், கிறீம் எதுவும் பூசாமல், சமையல் கையுறையைப் போட்டுக்கொண்டு ஏற்றினால் சுலபமாக ஏறும். தோளை உருட்டுவது, கையை மேலே தூக்கி விரலை மடக்கி விரிப்பது எல்லாம் ஸ்லீவோடுதான். தைக்கும்போது அரை மணிக்கு ஒருக்கால் எழும்பி இதைச் செய்கிறேன், வாடிக்கையாளர் இருந்தாலும் செய்கிறேன். ஊசி குத்தாமல் விரலில் திம்பிள், மீனுக்குத் தடித்த கையுறை. அதை விட மகள் வெட்டினால் இன்னும் நல்லது. இரவு ஸ்லீவைக் கழற்றி, கழுவி, தோல் வெடிக்காமல் கிறீம் பூசி, கையைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுப்பேன். ஸ்லீவ் இரண்டு வேண்டும், ஒன்று காயும்போது ஒன்று. வெயிலில் காயப் போடாதீர்கள், இலாஸ்டிக் செத்துவிடும், இதைத் தையல்காரியாகவே சொல்கிறேன். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் முடிந்தவரை இடது கையில்.

ஆனி, ஆடியில் சுடுகிற கச்சான் காற்று அடிக்கும்போது இந்த ஸ்லீவ் ஒரு தண்டனைதான், பொய் சொல்லமாட்டேன். மத்தியானம் நனைந்த துணியை மேலே சுற்றிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே இருப்பேன். சில நாள் கோபத்தில் கழற்றி எறிந்ததும் உண்டு, அடுத்த நாள் டேப் காட்டிக்கொடுத்துவிடும். வெயில் ஏறமுதல் உப்புவெளிக் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நடப்பது எனக்கு ஒத்துவந்தது. சித்திரையில் இருந்து புரட்டாதி வரை நம் கடல் குளம் போலக் கிடக்கும். தண்ணீரே எல்லாப் பக்கமும் அழுத்துவதால் கை காற்று மாதிரி லேசாகிவிடும். கையில் காயம் இருந்தால் மட்டும் இறங்கமாட்டேன். வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, தோலைத் துடைத்து, விரல் இடுக்கு உட்பட உலரவிடுவேன்.

பாரம் தூக்கவே கூடாது என்று பயந்து ஒரு வருடம் வலது கையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்ததும் ஒரு பிழை. தோள் இறுகி, தலை இழுக்க முடியாமல் போனது. 2009 இல் அமெரிக்காவில் 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியவர்கள் மேற்பார்வையோடு மெல்ல மெல்ல எடை தூக்கியபோது வீக்கம் கூடவில்லை என்று மிஸ் சொன்னாள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் தொடங்கினேன், இப்போது இரண்டு கிலோ. திடீரென்று காஸ் சிலிண்டரைத் தூக்குவது வேறு, அதைச் செய்யாதீர்கள். உடம்பில் ஆறு கிலோ குறைத்தேன். அதற்கே கை ஒரு மாற்றம் காட்டியது.

கணக்கைக் கேட்டால்: தேய்த்ததற்கு 21,000. தனியார் டொக்டரிடம் இரண்டு தடவை சனல் பண்ணிக் (நேரம் பதிந்து) காட்டியது, குளிசை, பான்டேஜ், கன்னியாவுக்கு ஓட்டோ எல்லாம் சேர்த்து இன்னொரு 30,000 க்குக் கிட்ட. வார்டில் கிடந்ததும் பான்டேஜ் சுற்றியதும் சேர்த்து ஐந்து வாரம் மெஷின் ஓடவில்லை, ஆவணிக் கலியாணச் சட்டைகள் எல்லாம் வேறு கைக்குப் போயின. கையைக் காப்பாற்றிய வைத்தியத்துக்கு நான் கொடுத்தது ஒரு சதமும் இல்லை, அது அரசாங்க ஆஸ்பத்திரி. அதற்குப் போகத்தான் எனக்கு ஏழு மாதம் எடுத்தது. முழுதாகக் குணமாகவில்லை, ஆகாது என்றும் தெரியும். வலது மேல்கை இப்போது 11¾ இல் நிற்கிறது. மாதம் முதலாம் திகதி அளந்து, வாடிக்கையாளர் அளவு எழுதுகிற கொப்பியிலேயே என் பெயருக்கும் ஒரு பக்கம் போட்டு எழுதுகிறேன்.

அந்தக் கொப்பியில் இப்போது எல்லாருக்கும் இரண்டு கை அளவும் இருக்கிறது. போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, தன் மகளின் கலியாணத்துக்குச் சட்டை தைக்க வந்தாள். இடது கையை விட வலது முக்கால் அங்குலம் கூட. “ஒப்பரேஷன் ஏதும் செய்ததா தங்கச்சி?” என்று மெல்லக் கேட்டேன். “ஓம் ராத்தா, எட்டு மாசம்” என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள். அளவை ஒரு துண்டில் எழுதி, கிளினிக்கில் இதைக் காட்டு என்று கையில் கொடுத்தேன். சட்டைக்கு உள்தையலில் வழமை போல அரை அங்குலம் துணி விட்டிருக்கிறேன். அதைப் பிரிக்க வேண்டி வந்தால் என்னிடம் வரமுதல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டேன்.